காற்று விடும் வரை: தாழங்குப்பத்திலிருந்து

ஞாயிறு, இரவு

காசிமேட்டிலிருந்து பழவேற்காட்டுக்குக் கரையோரமாகவே நடந்து போகலாம் என்று கிளம்பினோம். எண்ணூரோடு நடை நின்றுவிட்டது. தாழங்குப்பத்தில் வலைக்கூடத்தின் பின்சுவரை ஒட்டி டென்ட் அடித்து உட்கார்ந்திருக்கிறோம். காற்று விட்டால்தான் முகத்துவாரத்தில் படகு விடுவார்கள். படகு விட்டால்தான் அக்கரை.

கூட வந்திருப்பவர் எங்கள் தெரு அண்ணன். தண்டையார்பேட்டைக்காரர், டீசல் மெக்கானிக். அந்த வேலைதான் அவரை அண்டார்க்டிகா வரை கூட்டிப்போனது. அங்கே 1989 முதல் இயங்கும் நம் மைத்ரி ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்கி ஜெனரேட்டர்களைப் பார்த்துக்கொண்டவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன்.

காலையில் காசிமேட்டில் லாஞ்சுகள் நெருக்கியடித்து நின்றன. ஒன்றோடு ஒன்று மோதாமலிருக்க நடுவில் டயர்களைத் தொங்கவிட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வாங்க வந்த கூட்டம் இருந்தது, மீன்தான் இல்லை. திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதிக்குப் போய்விட்டு வடக்கே நடந்தோம். கரை என்று சொல்ல அங்கே மணல் மிச்சமில்லை. கடல் அரித்த இடமெல்லாம் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். கன்டெய்னர் லாரிகளுக்குப் பக்கத்தில் சாலையில்தான் நடக்க முடிந்தது. அந்தப் பகுதியைப் பற்றி இன்னொரு நாள் எழுத வேண்டும், கோபம் ஆறிய பிறகு.

எர்ணாவூர் தாண்டும்போது வாடைக்காற்று பிடித்தது. டீக்கடையில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வங்கக்கடலில் இருந்த தாழ்வு மண்டலம் வலுத்து வடக்கே நகர்கிறது, காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் மூன்றாம் எண் கூண்டு. கூண்டு பதினொன்று வரை உண்டு. முதல் இரண்டும் தூரத்துக் கடலைப் பற்றியவை. மூன்று என்றால் திடீர்க் காற்றும் மழையும் இந்தத் துறைமுகத்துக்கே வரலாம் என்று அர்த்தம்.

டென்ட் அடிக்கத் தொடங்கியதும் அண்ணன் வேறு ஆளாக மாறிவிட்டார். முதலில் டென்ட்டின் ஒரு கயிற்றைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டார். “துணி கையை விட்டுப் போச்சுன்னா அங்கெல்லாம் ஆளே போன மாதிரிப்பா. நின்னு கட்டுற வரைக்கும் அது நம்ம உடம்போட இருக்கணும்” என்றார். வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கிறது, சுவர் அதை மறைக்கிறது. ஆனாலும் டென்ட்டின் தாழ்ந்த முனையைக் காற்றுப் பக்கமும் வாசலை எதிர்ப் பக்கமும் வைத்தார். மணலில் முளை நிற்காது. குப்பத்துப் பையன்கள் உரச் சாக்குகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றில் மணல் ரொப்பி, வாயைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்து, அதில் கயிற்றைக் கட்டினோம். பனியிலும் இதே வேலைதானாம். பையில் பனியை அடைத்துப் புதைத்து மிதித்துவிட்டால் அது இறுகிக்கொள்ளும். பையன்களுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. நங்கூரம் இல்லாத நாளில் அவர்கள் படகுக் கயிற்றை இப்படித்தான் புதைத்துக் கட்டுகிறார்கள்.

திங்கள்

இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. காற்றின் வேகத்தைவிடச் சத்தம்தான் ஆளை அசத்துகிறது. துணி அடித்துக்கொள்ளும் சத்தம் ஒரே சீராக இருந்தால் காது பழகிவிடும். அது சீராக இல்லை. சட்டென்று ஓயும், அடுத்த அறை எப்போது என்று உடம்பு விறைத்துக் காத்திருக்கும். பக்கத்தில் படுத்திருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

எங்களுக்கு அடித்தது அறுபது கிலோமீட்டர் காற்று. அண்ணன் பார்த்தது நூறைத் தாண்டிய காற்று. வேகம் இரட்டித்தால் அது தள்ளும் வலு நாலு மடங்காகும். குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தியும் கூட, அதனால் அதே வேகத்தில் அங்கே இன்னும் பலமாகத் தள்ளும். தோலுக்கு இருக்கவே இருக்கிறது வேறு கணக்கு. மைனஸ் 20 டிகிரியில் 50 கிலோமீட்டர் காற்று அடித்தால், வெளியே திறந்திருக்கும் முகத்துக்கு அது மைனஸ் 35 டிகிரி போல உறைக்கும். மைத்ரியில் பனிப்புயல் அடிக்கும்போது ஒரு கட்டடத்திலிருந்து அடுத்ததற்குக் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் போவார்களாம், அதுவும் தனியாகப் போகக்கூடாது. கையை நீட்டினால் விரல் தெரியாது.

அங்கே காற்று இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, நடுக்கண்டத்துப் பனிமேட்டில் குளிர்ந்து கனத்துப்போகும் காற்று, சரிவில் தண்ணீர் இறங்குவதுபோலக் கடலை நோக்கி வழிவது. இன்னொன்று நமக்குத் தெரிந்ததுதான், தாழ்வழுத்தம். அண்டார்க்டிகாவைச் சுற்றிக் கடலில் தாழ்வழுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. கரைக்கு அருகே வரும்போது பனிப்புயலைக் கிளப்புகின்றன. நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும், அவர்கள் பக்கத்தில் வலஞ்சுழி.

மதியம் மழையும் சேர்ந்துகொண்டது. துணியின் உள்பக்கம் எங்கள் மூச்சே வேர்த்துச் சொட்டியது. போர்வை, சட்டை, பையில் இருந்த நோட்டு எல்லாம் நசநசவென்று ஈரம். துருவக் கூடாரத்தில் இந்த மூச்சு உறைந்து உள்சுவரில் பொருக்காகப் படியும், துணி ஆடும்போதெல்லாம் முகத்தில் உதிரும் என்றார் அண்ணன்.

ஆனால் துருவப் பயணிகளை ஒருமுறை பனி அல்ல, ஈரம்தான் உட்காரவைத்தது. 1911 டிசம்பரில் தென்துருவத்துக்குப் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ்காரர் ஸ்காட்டின் குழு, பியர்ட்மோர் பனியாற்றின் அடிவாரத்தில் 5ஆம் தேதி புயலில் சிக்கியது. வெயில் காலப் புயல் அது. வெப்பம் உறைநிலைக்குச் சற்று மேலே ஏறிவிட்டது. விழுந்த பனியெல்லாம் உருகியது. கூடாரம், படுக்கைப் பை, கையுறை எல்லாம் ஊறிப்போய், நாலு நாள் நகர முடியாமல் கிடந்தார்கள். வண்டி இழுத்துவந்த குதிரைகளுக்குத் தீவனம் தீர்ந்துகொண்டிருந்தது. பனியாற்றின் மேலே போன பிறகு உண்ண வேண்டிய உணவை அங்கேயே பிரிக்க வேண்டியதாயிற்று. மைத்ரியின் நூலகத்தில் ஸ்காட்டின் நாட்குறிப்பைப் படித்ததாக அண்ணன் சொன்னார். வெளியே போக முடியாத ஜூலை இருட்டில், டியூட்டி முடிந்த பிறகு, ஒரு டிக்‌ஷனரியோடு.

இந்தக் கணக்கு எனக்கு இன்றுதான் உறைத்தது. காத்திருக்கும் ஒவ்வொரு நாளையும் பின்னால் வரப்போகும் ஒரு நாளிலிருந்து எடுத்துத்தான் தின்கிறோம். துருவத்தில் காற்றுக்குச் சேர்த்துச் சோறு எடுத்துப் போகிறவன்தான் பிழைக்கிறான். பயணம் முப்பது நாள் என்றால், காற்றுக்காக எத்தனை நாள் என்று கிளம்பும்போதே கணக்குப் போட்டுச் சுமக்க வேண்டும்.

ஸ்டவ் பற்றவைக்க நான் போனபோது அண்ணன் கையைத் தட்டிவிட்டார். மூடிய துணிக்குள் அடுப்பு எரிந்தால் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. துருவக் கூடாரங்களின் உச்சியில் காற்றுப்போக்கி வைத்திருப்பார்கள், அதைப் பனி அடைக்காமல் பார்ப்பதே ஒரு டியூட்டி. நாங்கள் வலைக்கூடத்தில் சமைத்தோம். கஞ்சியும் நெத்திலிக் கருவாடும்.

செவ்வாய்

அதே காற்று. அதே மழை. கரன்ட் இல்லை. இரண்டு சாக்குகளுக்கு மேலே மணலை வாரிக் கொட்டினோம், ஒரு கயிற்றை மாற்றினோம். போன் சார்ஜ் கொஞ்சம்தான் இருக்கிறது.

புதன்

இன்று பெரும்பாலும் வலைக்கூடத்தில் இருந்தோம். நான் கற்பனை செய்துவைத்திருந்த காத்திருப்பு இங்கே ஒருவரிடமும் இல்லை. ஒருவரும் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடவில்லை. பத்துப் பதினைந்து ஆண்கள் காலை நீட்டி உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் வலையை மாட்டி, பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அண்ணன் போய்ச் சேர்ந்துகொண்டார். அவர் வந்து உட்கார்ந்தது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை, ஸ்பேனரைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அப்போது அவர் சொன்னதுதான் மாசன் கதை. 1912-ல் ஆஸ்திரேலியாவின் டக்ளஸ் மாசன், கேப் டெனிசன் என்ற இடத்தில் குடில் போட்டுத் தங்கியிருந்தார். ஆண்டு முழுக்கச் சராசரியாகவே மணிக்கு 80 கிலோமீட்டர் காற்று அடிக்கும் இடம் அது. அங்கிருந்து நின்னிஸ், மெர்ட்ஸ் என்ற இரண்டு தோழர்களோடு நெடும்பயணம் போனார். டிசம்பர் 14 அன்று நின்னிஸ் பனிப்பிளவில் விழுந்தார். அவரோடு உணவும் நல்ல நாய்களும் கூடாரமும் போயின. ஜனவரியில் மெர்ட்ஸ் நோயில் இறந்தார். மாசன் மட்டும் தனியாக நடந்து, 1913 பிப்ரவரி 1 அன்று குடிலிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தொலைவில் பனியில் குடைந்துவைத்திருந்த ஒரு குகைக்கு வந்து சேர்ந்தார். உள்ளே ஆரஞ்சுப் பழமும் ஒரு அன்னாசியும் இருந்தன. பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது, கப்பல் வந்திருக்கிறது.

ஒன்பது கிலோமீட்டர். காசிமேட்டிலிருந்து இந்தக் குப்பத்துக்கு இருக்கும் தூரம்கூட இல்லை. ஆனால் இறங்க வேண்டியது வழுக்கும் பனிச்சரிவு. காலில் மாட்டும் ஆணித் தகடுகளை வழியில் பாரம் குறைக்கத் தூக்கிப் போட்டிருந்தார். வெளியே காற்று ஆளைத் தூக்குகிறது. ஒரு வாரம் அந்தக் குகையில் இருந்தார். அந்த ஒரு வாரத்தில் பெட்டிப் பலகையையும் ஆணியையும் வைத்துக் காலுக்குப் புதுத் தகடு செய்தார். பிப்ரவரி 8 அன்று காற்று தணிந்ததும் இறங்கிப் போனார். கப்பல் சில மணி நேரம் முன்புதான் புறப்பட்டிருந்தது. அவரைத் தேடுவதற்காக ஆறு பேர் மட்டும் தங்கியிருந்தார்கள். இன்னொரு குளிர்காலம் முழுக்க அங்கேயே இருந்துதான் ஊர் திரும்பினார்.

வலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கை நிற்காமல் கேட்டார்கள். முடித்ததும் ஒரு பெரியவர், “அந்த ஆளு அவசரப்பட்டு இறங்கியிருந்தா கப்பலும் கிடைச்சிருக்காது, ஆளும் கிடைச்சிருக்க மாட்டான்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “இப்பகூட கடலுக்குப் போவலாம் தம்பி. போயிடலாம். வரணுமே” என்றார்.

அந்தப் பெரியவர் காற்றைப் படிக்கும் விதத்தை எழுதியே ஆக வேண்டும். வாடைக்கு முதுகைக் கொடுத்து நின்று, இடது கையைக் கடல் பக்கம் நீட்டினார். “புயலு இங்க நிக்குது. வாடை திரும்பி கச்சான் ஆச்சுன்னா, நம்மளத் தாண்டி வடக்க போயிட்டான்னு அர்த்தம்.” கச்சான் என்றால் மேற்குக் காற்று. பள்ளிக்கூடத்தில் படிக்கும் விதியும் அதுதான். நம் பாதி உலகத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடப்பக்கம் இருக்கும். அண்ணன் எழுந்து அவர் பக்கத்தில் நின்று வலது கையை நீட்டிக் காட்டினார். தெற்கே போனால் கை மாறும். இருவரும் ஒரே காற்றில், எதிரெதிர்க் கைகளை நீட்டி நின்றதைப் பார்க்க எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

மீன் விற்கும் ஆயா ஒருவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். காற்று நாட்களில் அவர் வீட்டில் அடுப்பு எரிவது கருவாட்டாலும் ரேஷன் அரிசியாலும். தினவசூல் கடனுக்குத் தண்டல் கட்ட வேண்டிய பணம் மட்டும் நிற்காது, அது தினமும் வரும். கடலுக்குப் போகாதே என்ற எச்சரிக்கை நல்லது, உயிரைக் காப்பது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது, எச்சரிக்கை எட்டுவதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த குமரிக்கரை மீனவர்கள் எத்தனை பேர் திரும்பவில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் போகாத நாளுக்கு யார் சோறு போடுவது என்ற கேள்வியை ஆயா கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. துருவப் பயணத்தில் அந்தச் சோற்றை முன்கூட்டியே கட்டிக்கொடுக்கக் கப்பலும் அரசும் இருக்கின்றன. இங்கே அந்தக் கூடுதல் மூட்டையை ஒவ்வொரு வீடும் தானே கட்டிக்கொள்கிறது. மழைக்கால நிவாரணம் என்று ஒரு தொகை உண்டு. ஆனால் ஒவ்வொரு காற்றுக்கும், காற்று அடிக்கும் அந்த வாரத்திலேயே, மீன் விற்கும் பெண்களையும் சேர்த்து அது கைக்கு வர வேண்டும் என்று நான் நினைக்கிறேன். காற்று ஒன்றும் எதிர்பாராமல் வருவதல்ல. ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் வருவது.

வியாழன்

நேற்று நள்ளிரவு தாண்டி காற்று நின்றது. நின்ற சத்தத்தில்தான் விழித்தேன். அண்ணன் ஏற்கனவே உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். “கழட்டு, கழட்டு. திரும்பப் போவுது.” டார்ச் வெளிச்சத்தில் கம்பிகளை உருவி, துணியை மணலில் படுக்கவைத்து, அதன் மேல் சாக்குகளை இழுத்துப் போட்டோம். கூடத்துக்குள் நுழையும்போதே மேற்கிலிருந்து முதல் வீச்சு வந்தது. இத்தனை நாள் நாங்கள் ஒண்டியிருந்த பக்கம் நேராகக் காற்றுக்கு முகம் கொடுத்தது. பெரியவர் சொன்ன கச்சான்.

தூக்கம் போனதால் அண்ணன் கேப் குரோசியர் கதையைச் சொன்னார். 1911 ஜூலையில், துருவக் குளிர்காலத்தின் நடு இருட்டில், பேரரசப் பெங்குவினின் முட்டைக்காக ஸ்காட் குழுவின் வில்சன், பவர்ஸ், செர்ரி-கரார்ட் மூவரும் போனார்கள். வழியில் குளிர் மைனஸ் 60 டிகிரி வரை போனது. புயல் அவர்கள் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தங்கியிருந்த கல் குடிலின் கித்தான் கூரையும் கிழிந்து போனது. படுக்கைப் பைக்குள் புகுந்து, மேலே பனி மூட, பாட்டுப் பாடிக்கொண்டு கிடந்தார்கள். காற்று ஓய்ந்ததும் இருட்டில் தேடிப் போனார்கள், சரிவின் அடியில் கூடாரம் முழுசாகக் கிடந்தது. அது கிடைத்ததால்தான் திரும்ப முடிந்தது. ஞாயிறு மாலை இடுப்பில் கயிற்றை ஏன் முடிந்தார் என்று அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

அந்த மூவரில் வில்சனும் பவர்ஸும் எட்டு மாதம் கழித்து, துருவத்திலிருந்து திரும்பும் வழியில், ஸ்காட்டோடு கடைசிக் கூடாரத்தில் இறந்தவர்கள். அடுத்த உணவுக் கிடங்குக்கு 18 கிலோமீட்டர் இருந்தது. 1912 மார்ச் 21 முதல் காற்று விடவே இல்லை என்று ஸ்காட் எழுதியிருக்கிறார். ஆளுக்கு இரண்டு கோப்பைத் தேநீருக்கான எரிபொருளும் இரண்டு நாள் உணவும்தான் மிச்சம். கடைசிக் குறிப்பு 29ஆம் தேதி. வழிக் கிடங்குகளில் மண்ணெண்ணெய் டின்களின் தோல் வாஷர்கள் கெட்டு, எண்ணெய் குறைந்துபோயிருந்தது. ஒரு வாஷர் என்று சொல்லும்போது அண்ணன் குரல் கம்மியது. மெக்கானிக் அல்லவா.

அந்த இடத்தில் அத்தனை நாள் ஓயாமல் புயல் அடித்திருக்குமா என்று பின்னாளில் வானிலை அறிஞர்கள் சந்தேகம் எழுப்பியிருக்கிறார்கள். எனக்கு அவர்களைக் குறை சொல்ல மனமில்லை. உடம்பில் தெம்பு தீர்ந்தவனுக்கு எந்தக் காற்றும் கிளம்ப முடியாத காற்றுதான்.

காலை பத்து மணிக்கு வானம் வெளுத்தது. நான் பையைக் கட்டினேன். பெரியவர் முகத்துவாரத்தைக் காட்டினார். காற்று போய்விட்டாலும் அலை போகவில்லை. மணல்மேட்டின் மீது வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு நாள்.

வெள்ளி, மாலை

விடியற்காலையில் முதல் ஃபைபர் படகு இறங்கியது. பெரியவர் கைகட்டி நின்று ஒவ்வொரு அலையாக எண்ணி, “இப்ப” என்றதும் தள்ளினார்கள். அடுத்தடுத்து ஏழெட்டுப் படகுகள். யாரும் முண்டியடிக்கவில்லை.

எங்களை அவருடைய மருமகன் முகத்துவாரத்துக்கு உள்ளே, ஆற்றுப் பக்கமாக அக்கரையில் இறக்கிவிட்டார். கொசஸ்தலை ஆறு மழைத்தண்ணீரில் கலங்கி வேகமாக ஓடியது. காசு கொடுத்தோம், வாங்கவில்லை. இன்ஜினை அண்ணன் சரிசெய்து கொடுத்ததே போதும் என்றார். ஆயாவிடம் மட்டும் வழிக்கென்று கருவாடு வாங்கினோம். தேவைக்கு மேல் இரண்டு நாளைக்குச் சேர்த்தே வாங்கச் சொன்னார் அண்ணன்.

காட்டுப்பள்ளிப் பக்கம் துறைமுக வேலிகளைச் சுற்றித்தான் போக வேண்டும், கரையிலும் பல இடங்களில் அரிப்பு. அதனால் நடை மெதுவாகத்தான் இருக்கும். டென்ட்டை இப்போது வெயிலில் காயப்போட்டிருக்கிறோம். அடுத்த குறிப்பு பழவேற்காட்டிலிருந்து. டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கோட்டையின் மேடு, ஏரியில் பாடு முறையில் முறைவைத்து மீன் பிடிப்பவர்கள், எல்லாம் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.